எந்தக் குரலை அனுப்புவது?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்கள்.

“இத அனுப்பாத லா. இந்தப் பாடகர் ரொம்பக் கெஞ்சறார்,” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“ஒரிஜினலே இதானே? பழைய அமெரிக்க சோல் பாட்டுன்னா கெஞ்சத்தான் செய்வாங்க,” என்றாள் போன் வைத்திருந்தவள்.

“கோவிச்சுக்கிட்டு புக்கிட் மேராவுல அம்மா வீட்டுக்குப் போனது உன் புருஷன். நீ ஏன் கெஞ்சணும்? இந்தப் பொண்ணு பாடினத அனுப்பு. அதே வரிதான், ஆனா ‘கதவு தொறந்துதான் இருக்கு, வா’ன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

போன் வைத்திருந்தவள் இரண்டையும் மறுபடி கேட்டுவிட்டு, அந்தப் பாடகி பாடியதையே அனுப்பினாள். என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செராங்கூன் தாண்டியதும் பதில் வந்தது. அதே பாட்டைக் கணவரே பாடி அனுப்பியிருந்தார் போலும்.

“ஐயோ, சுதியே சேரல. பாதி வரி வேற முழுங்கிட்டாரு,” என்றாள் கண்ணாடி போட்டவள்.

“தெரியும் லா.”

“ரெண்டாவது வரியில...”

போன்காரி தோழியின் காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் இன்னொரு காதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து போட்டாள்.