நடுவிரல்

— அழாதேங்கோ, இராஜநாயகம் அண்ணை. வின்சன்ற்றை எத்தினை மணிக்குப் பிடிச்சவங்கள்?

— காலமை எட்டுக்கு, மாக்ரெட் ரீச்சர். சந்தி செக்பொயின்ற்றில. பைலுக்க ஒரு படம் இருந்ததாம். கை மாதிரி. விரல் நுனியெல்லாம் வயர். குண்டு செய்யிற படம் எண்டுறாங்கள். அந்தோனியார் அறிய, என்ர பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது.

— அது குண்டில்லை. முதன்முதல் விண்வெளிக்குப் போன அமெரிக்கர் போட்ட கையுறை.

— கையுறைக்கு ஏன் வயர்?

— நுனியில சின்னச் சின்ன பல்ப். இருட்டில மீற்றரைப் பாக்க. உள்ளுக்குக் காத்து நிரம்பினா கையுறை பலூன் மாதிரி விறைச்சுப்போம், விரலை மடக்கேலாது. அதால விரலெல்லாம் வளைச்சே செய்தவங்கள். நடுவிரலை மட்டும் நேர விட்டவங்கள். பொத்தான் அமத்த.

— ஐயோ, இதை அப்பிடியே பொலிசில வந்து சிங்களத்தில சொல்லுங்கோ. சயன்ஸ் ரீச்சர் சொன்னா நம்புவாங்கள். பின்னேரம் வேற இடத்துக்குக் கொண்டு போகப் போறாங்களாம்.

— என்ர தம்பி சூசையும் இதே படத்தைத்தான் கீறி வைச்சிருந்தவன். கம்பஸில படிக்கேக்க, எக்சிபிஷனுக்கு. அவனைப் பிடிச்ச பொலிஸ் வந்து மேல்வீட்டில இருந்த உங்களை விசாரிச்சது. என்ன சொன்னனீங்கள்?

— அது... பயத்தில ரீச்சர்...

— என்ன சொன்னனீங்கள்?

— அவன் எந்த நேரமும் வயரோடதான் இருக்கிறவன் எண்டு.

— கண்டனீங்களோ?

— இல்லை.

— அண்டைக்கும் அந்தோனியார் அறியத்தான் சொன்னனீங்களோ?

— காலில விழுறன், ரீச்சர்.

— எழும்புங்கோ. சூசையைப் பதினாலு மாசத்தால விட்டவங்கள். வலக்கை அந்தக் கையுறை மாதிரியே வந்தது. எல்லா விரலும் வளைஞ்சபடி, நடுவிரல் மட்டும் நேர. நான்தான் சோறு தீத்துறன். ஒவ்வொரு வாய்க்கும் உங்கட முகம் எனக்கு முன்னால வரும்.

— நான் செய்த பாவத்துக்கு என்ர பிள்ளை என்ன செய்வான்? உங்களிட்டத்தானே ரியூசனுக்கு வாறவன். ரீச்சர், ரீச்சர் எண்டு உயிரை விடுறவன்.

— ஓம். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது.

— அப்ப வாங்கோவன். வாசல்ல ஓட்டோ நிக்குது.

— அந்தப் படம் அவனுக்கு எங்கால வந்ததெண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை, அண்ணை.

— எங்கால?

— நேற்று ரியூசன் முடிய, அவன் தண்ணி குடிக்கப் போன நேரம் நான்தான் பைலுக்க வைச்சனான்.