சீனி இல்லாத ஐஸ் சோடா

வெயில் காலத்தில் வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு ஐஸ் சோடாவைப் போல ஒன்று கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தொண்ணூற்றாறில் அதைப் போடும் மிஷினை வாங்கிப் போட்டவன் நான்தான். பேர் கணேஷ்ராம். எழுதிக்கொள்ளுங்கள்.

ஐஸ் சோடாவின் உயிரே சீனியில்தான் இருக்கிறது. கூடினால் உறையாமல் தண்ணீராக ஓடும். குறைந்தால் கல்லாக இறுகி, உள்ளே சுழலும் தகடே நின்றுபோகும். அளவு சரியாக இருந்து, நன்றாகக் குளிர்ந்து, கேஸும் ஏறியிருந்தால், குழாயைத் திறந்ததும் பாதி உறைந்த நுரையாகப் பொங்கிக் கோப்பைக்கு மேலே நிற்கும். இதை ரசிக்கத் தெரிந்தவர் ஜவுளிக்கடை கார்த்திகேசன் அண்ணாச்சி ஒருவர்தான். மற்றவர்கள் குடித்தார்கள், அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. அவர் மனைவி அன்னத்தாய் அக்கா கடைக்கே வந்து, "தம்பி, அவ்வொளுக்குச் சீனி சேக்காமக் குடுங்க. ஆவவே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று கும்பிட்டார். சீனிக்குப் பதிலாகச் சாக்கரின் போட்டு ஒரு நாள் ஓட்டியும் பார்த்தேன். மிஷின் முனகியது. அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னலே, ஜல்லியக் கடிக்க மாதிரில்லா இருக்கு" என்று கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து பழைய கலவையையே கொடுத்தேன்.

"சீனி இல்லாம எப்படிலே இப்படி வருது?"

"கேஸக் கூட்டிட்டேன் அண்ணாச்சி."

நம்பினார். சீனிதான் இல்லையே என்று ஒன்றுக்கு மூன்றாகக் குடித்தார். ஐப்பசியில் காலில் புண் வந்தது. மார்கழியில் விரலை எடுத்தார்கள், தையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் பிளாஸ்கில் கொண்டுபோனேன். பாளையங்கோட்டை போவதற்குள் நுரை அடங்கிவிட்டது. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். மாசியில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் அன்னத்தாய் அக்கா, "மருந்து, பத்தியம் எல்லாம் ஒழுங்காத்தான பாத்தேன், எங்கன தப்பு நடந்துச்சுன்னே தெரியலியே" என்று என்னிடமே அழுதார். அவர் தன்னையே நொந்துகொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் நானாகத்தான் சொன்னேன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

சீனி போட்டது நான்தான். ஆளைக் கொல்லும் என்று தெரிந்தேதான் போட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஐயா. கடைசிக் காலத்தில் அந்த மனுஷன் மனம் கோணாமல் நடந்துகொண்டது என்னைத் தவிர வேறு யார்?