காட்டுப்பூனையின் வாய்

கோழி கேசரோலைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ரோலண்ட். ஆறிப்போனால் மேலே இருக்கும் சீஸ் ரப்பராகிவிடும். அதனால் முதலில் சாப்பிடு, எழுதிக்கொள்வதெல்லாம் பிறகு. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை அடுத்த சுற்று ஆட்டம் இருக்கிறது, பேனரில் பூனைக்கு இன்னும் மீசை வரையவில்லை.

ஷெரீஃப் அலுவலகப் போலீஸ் சீருடை உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நீ பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தவன். டெக்சஸில், அதுவும் நம் ஹார்லன் க்ரீக்கில் பிறந்துவிட்டு, உங்கள் வாத்தியத்துக்கு முன்னும் பின்னும் பொழுது போவதற்காகத்தான் ஃபுட்பால் ஆடுகிறார்கள் என்று நினைத்திருந்த ஒரே பையன் நீதான். ஆகவே உனக்குப் புரியும்படி கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஆட்டத்தன்று நம் பையன்கள் மைதானத்துக்குள் சும்மா நடந்து வர மாட்டார்கள், அது உனக்கே தெரியும். ஒரு பெரிய காகிதத்தில் நம் அணிச் சின்னமான காட்டுப்பூனையை வாயைப் பிளந்தபடி வரைந்து, ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் சியர் பெண்கள் இரண்டு பக்கமும் கம்பு பிடித்து நிற்பார்கள். அணியிலேயே கெட்டிக்காரன் எவனோ அவன் முதலில் ஓடி வந்து பூனையின் வாய்க்குள் பாய்ந்து, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். மற்றவர்கள் அவன் பின்னால். காகிதத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாய்கிறவனுக்குத் தெரியாது, ஒருவனும் எட்டிப் பார்த்ததும் கிடையாது. அந்தப் பேனரை வரைவதும், அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று சொல்வதும் பெற்றோர் சங்கத்தில் என் பொறுப்பு. அதில் இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

இந்த வருடம் முதலில் பாய்கிறவன் மார்லன் டுப்ரே. ரிசீவர். ஃபுட்பால் என்று பெயர்தான், பந்து கையில்தான்; எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் என்று எழுதிக்கொள். அவன் பிடித்தால் ஊரே எழுந்து நிற்கும், நானும்தான் நிற்பேன். தங்கமான பையன். அவன் அம்மா ஒடெட் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன நாளெல்லாம் என் மேஜையில்தான் சாப்பிட்டு வளர்ந்தான். என் டிரென்ட்டும் ரிசீவர்தான், மார்லனுக்கு அடுத்தவன். அடுத்தவன் என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் இது அவனுக்குக் கடைசி வருடம். பழைய மாணவர்களெல்லாம் ஊருக்கு வந்து கூடும் ஹோம்கமிங் ஆட்டத்துக்கு, தங்கள் அணிக்குப் பையன்களைப் பொறுக்க ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் கோச் லடிமரிடம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"கோச், அன்னிக்கு ஒருநாள் மட்டும் டிரென்ட்ட ரெண்டு தடவ இறக்கி விடுங்களேன். நாலு பேர் பாக்கட்டும்."

அவர் பர்கரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "லோர்னா, மார்லனுக்குக் காலு ஓடுற வரைக்கும் எனக்கு வேற எவனும் வேணாம். நீங்க போயி பூனைய வரைங்க."

எதற்காகச் சொல்கிறேன் என்றால், யோசனை முதலில் என்னுடையது அல்ல. அவர் வாயிலிருந்துதான் வந்தது.

ஹோம்கமிங் அன்று மார்லன் பூனையின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்தான், காலை ஊன்றினான், விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எப்போதுமே கோமாளித்தனம் செய்கிறவன் ஆயிற்றே. பின்னால் வந்தவர்கள் அவன்மேல் இடறி விழுந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. பிறகுதான் அவன் கத்துவது கேட்டது. முழங்கால் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அடிபட்டவன் எழுந்திருக்கும் வரை எல்லோரும் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருப்பது வழக்கம். நானும் ஊன்றினேன். புல் ஈரமாக இருந்தது, அன்றுதான் புதிதாக வாங்கிய பேன்ட்.

அணி எப்படிச் சமாளித்தது என்று கேட்டாயே, அழகாகச் சமாளித்தது. மார்லனின் எண்ணை எல்லோரும் மணிக்கட்டில் டேப் ஒட்டி எழுதிக்கொண்டார்கள். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவன் சட்டையை மாட்டி வைத்தார்கள். அன்றைய ஆட்டம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. டிரென்ட் கையில் வெண்ணெய் பூசியவன் மாதிரி எல்லாவற்றையும் நழுவ விட்டான். பெட்ரோல் பங்கில் ஒரு ஆள் என் காதுபடவே, "அந்தப் பையனுக்கு பந்த கூரியர்ல அனுப்பினாத்தான் சேரும் போலிருக்கு" என்றான். எனக்கு நெஞ்சு வலித்தது, ரோலண்ட். பெற்றவளுக்குத்தான் அது தெரியும்.

ஒடெட் வீட்டுக்கு யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுபோவது என்று ஏற்பாடு செய்ததும் நான்தான். மார்லனை உடற்பயிற்சி சிகிச்சைக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். முட்டியை மடக்கும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொள்வான். இரும்புப் பிடி, அப்பா! எப்படிப் பந்து தப்பும் அந்தக் கையிலிருந்து?

ஒடெட் ஒருநாள் வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "லோர்னா, நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்?"

"சும்மா இருங்க ஒடெட். என்னால முடிஞ்சதத்தானே செஞ்சேன்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

திரும்பி வரும் வழியில் ஒருநாள் மார்லனே பேச்செடுத்தான். "மிஸ் லோர்னா, டிரென்ட் பந்து கிட்ட வந்ததும் கண்ண மூடிக்கிறான். கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லுங்க. வேணாம், நீங்க சொன்னா கேக்க மாட்டான். சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க."

அனுப்பினேன். மார்லன் தோட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்தபடி எறிவான், டிரென்ட் ஓடுவான். "டேய் பாத்து பிடிடா, பந்து என்ன கடிக்கவா போவுது?" என்று தெருவே கேட்கக் கத்துவான். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள என் மகனுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அதற்குப் பிறகு அணி தோற்கவே இல்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள். பல்கலைக்கழகத்துக்காரர் மார்லனுக்கு வைத்திருந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்றார்கள். பரவாயில்லை, கணக்கு நன்றாகப் போடுகிற பையன், எப்படியும் பிழைத்துக்கொள்வான்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்விஸ் விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். மார்லனின் கால் மாட்டிக்கொண்டது புல்லுக்குத் தண்ணீர் விடும் வால்வுக் குழியில்; அதை மூடாமல் விட்டது அவன்தான் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். "சத்தியமா மூடினேன், என் கையாலயே மூடினேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாவம், நிஜமாகவே மூடித்தான் இருந்தான். அவனுக்கு பெக்கான் கொட்டை போட்ட இனிப்புப் பை ஒன்று சுட்டுக் கொடுத்தேன். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான், அந்த நாகரிகம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மூடியை எடுத்தது நான். பேனர் எங்கே நிற்கும் என்று சொல்கிறவளுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்றும் தெரியாதா? மார்லன் எப்படிப் பாய்வான், எந்தக் காலை ஊன்றுவான் என்பதெல்லாம் அவனைச் சின்ன வயதிலிருந்து கைதட்டிப் பார்த்தவளுக்கு மனப்பாடம். குழியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் விரித்தேன். பூனையின் கண்ணுக்கு வாங்கிய பச்சை வர்ணம் மிச்சமிருந்தது, அதைக் காகிதத்தில் தடவினேன். கொஞ்சம் வெட்டிய புல்லையும் தூவினேன். ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விட எனக்கு வராது.

மூடியை எங்கே தேடினாய்? நீ வரும்போது தாண்டி வந்தாயே, வாசலில் பெட்டூனியாப் பூந்தொட்டி, அதன் அடியில்தான் இருக்கிறது. நல்ல கனமான மூடி, தூக்கி எறிய மனம் வரவில்லை. அந்தச் சிக்கனம்தான் எனக்கு வினையாகிவிட்டது. போன வாரம் பனி விழும் என்றார்கள். தொட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன் டிரென்ட்டிடம். அவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, அடியில் கிடந்த மூடியைக் காலால் காட்டினான்.

"மாம், இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேயோ கெடந்துச்சு. கதவ சாத்து, குளிரு உள்ள வருது."

அவன் தொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தான், இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய பதற்றம் என்றுதான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை முதலில் பாய வேண்டியவன் டிரென்ட். இந்த நாளுக்காகத்தானே நான் இத்தனையும் செய்தேன். பூனைக்கு இரண்டு கோட் வர்ணம் அடித்திருந்தேன். மார்லன் ஊன்றுகோலோடு கோட்டோரம் நின்று, "வாடா டிரென்ட், வந்து கிழிடா!" என்று கத்தினான். என் மகன் ஓடி வந்தான். பேனருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். பின்னால் வந்த பையன்கள் அவன் முதுகில் மோதினார்கள். அவன் குனிந்து, காகிதத்தின் அடி ஓரத்தைப் பாவாடையைத் தூக்குவது போலத் தூக்கி, அந்தப் பக்கத் தரையைப் பார்த்தான். பிறகு காலால் தட்டிப் பார்த்தான்.

ஒருவனும் இதுவரை அப்படிச் செய்ததில்லை என்று முதலிலேயே சொன்னேன். ஊர் மொத்தமும் பார்த்தது. மார்லனும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. டிரென்ட்டைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான், அப்புறம் பார்வையாளர் வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். நான் கையசைத்தேன்.

டிரென்ட் தலைக்கவசத்தைக் கழற்றி கோச்சிடம் கொடுத்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது உனக்குத் தெரியும், அதனால்தானே வந்திருக்கிறாய். பிறகு போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட மார்லன் பக்கத்தில் உட்கார்ந்தான். மார்லன் வெகுநேரம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. கோச் பந்தை எறியவே விடாமல், தூக்கிக்கொண்டு ஓடவே வைத்து அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டார். இரண்டு பேரும் இல்லாமலே. உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

டிரென்ட் இப்போது ஒடெட் வீட்டில் இருக்கிறான். அவர்கள் சோஃபா குட்டை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போகும்போது மீதி கேசரோலை எடுத்துப் போய் அங்கே கொடுத்துவிடு. நான் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல். இந்த வெள்ளிக்கிழமை பேனரை மைதானத்தின் நட்ட நடுவில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், அங்கே குழியே கிடையாது. மீசையை இன்றைக்கே வரைந்து முடித்துவிடுவேன். அவன் வந்து குதித்தால் போதும், ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பெற்ற தாய் வரைந்த பூனையின் வாய்க்குள் குதிக்க எந்தப் பிள்ளையாவது பயப்படுவானா, ரோலண்ட்?