அமைதியான வார்டு

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டுக் கடிகாரத்தைக்கூடத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். நேரத்துக்கே வாய்ப்பூட்டுப் போட்டவள் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் கேலி செய்வார்.

ஐயா, இந்த மறுவிசாரணையில் அந்த ஒன்பது குழந்தைகள் இறந்தது கவனக்குறைவாலா, குற்றத்தாலா என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும் என்று எழுதித் தருகிறேன்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் பதினோரு வருடமாகத் தலைமை நர்ஸ். பன்னிரண்டு இன்குபேட்டர்கள். ஒரு ஷிஃப்டுக்கு நாலு பேர் இருந்தோம், பிறகு இரண்டு பேர் ஆனோம். குழந்தையின் ஆக்சிஜன் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் மானிட்டர் அலறும். கால் அசைந்தாலும் அலறும், ஒயர் நழுவினாலும் அலறும். பத்தில் ஒன்பது வெறும் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து நிற்பார்கள். ஆபரேஷன் தையல் பிரிந்துவிடுமோ என்று நான் ஓடிப்போய் உட்கார வைப்பேன். அதனால் எண்பத்தெட்டை எழுபதாக மாற்றினேன். ஒலியையும் குறைத்தேன்.

எங்களிடம் ஒரு நர்ஸ் இருந்தாள். எதைச் சொன்னாலும் ‘சரிக்கா’ என்பாள். அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. அவள் ஒருத்திதான் கேட்டாள்.

“அக்கா, எழுபதுல வச்சா நாம ஓடி வர்றதுக்குள்ள குழந்தை நீலமாயிடுமேக்கா.”

“கண்ணு எதுக்கு இருக்கு? மெஷினை நம்பியா நர்ஸ் வேலைக்கு வந்தே?”

“சரிக்கா.”

வார்டு அமைதியானது. பார்வையிட வந்தவர்கள் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினோம். பெரிய டாக்டர் கைகுலுக்கினார். சத்தம் எப்படிக் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த வருடம்தான் குழந்தைகள் போகத் தொடங்கின. முதலில் மாதத்துக்கு ஒன்று, கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு.

ஐந்தாவது குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன் சிஸ்டர். அலாரம் அடிக்கவே இல்லையே. ஏன் அடிக்கல?”

“அடிக்காத மாதிரி யாரோ பண்ணியிருக்காங்கம்மா” என்றேன்.

பொய் இல்லையே. ஆனால் அந்த ‘யாரோ’ அன்று மாலைக்குள் வார்டு முழுக்கச் சுற்றிவிட்டது. மறுநாள் நிர்வாகத்தில் எல்லாரும் ஆளைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கவனக்குறைவு என்றால் வார்டை மூடுவார்கள். அடுத்த ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவு. வழியிலேயே எத்தனை குழந்தைகள் போகும்? குற்றம் என்றால் ஒருத்தியோடு முடிந்துவிடும்.

ஒன்பதாவது குழந்தையும் போன பிறகு பெரிய டாக்டர் என்னை அழைத்தார். “சந்தேகப்படற மாதிரி இருக்கற சாவுக்கெல்லாம் யார் யார் டியூட்டின்னு போட்டுக் கொடுங்க சிஸ்டர்.”

ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். மேலே தேதி, பக்கவாட்டில் பெயர், டியூட்டியில் இருந்தவர்களுக்குச் சிவப்பு டிக். சரிக்காவின் வரிசையில் ஏழு தேதிக்கும் ஏழு டிக் விழுந்தது. அவள் லீவில் இருந்தபோது இறந்த இரண்டையும் நான் சேர்க்கவில்லை. அவள் இல்லாதபோது நடந்ததில் என்ன சந்தேகம் இருக்க முடியும்? இன்னொன்று. மோசமான நிலையில் இருக்கும் குழந்தையை யாரும் எடுக்க மாட்டார்கள். டியூட்டி பட்டியல் போடுவது நான். வாய்செத்த பெண், முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வாள் என்று எப்போதும் அவளிடமே கொடுத்தேன். ஏழு டிக்கையும் ஒரு விதத்தில் முன்கூட்டியே நான்தான் போட்டிருக்கிறேன்.

காலை ஷிஃப்ட் தொடங்கும்போது போலீஸ் வந்தது. அவள் ஒரு குழந்தைக்கு டியூப் வழியாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்து, கை கழுவி, என்னிடம் வந்தாள்.

“அக்கா, அந்த எழுபதைப் பத்தி நீங்க சொல்லிடுங்கக்கா.”

“முதல்ல போயிட்டு வா. விசாரிச்சுட்டு அனுப்பிடுவாங்க.”

“சரிக்கா.”

கோர்ட்டில் அவள் எழுபதைப் பற்றிச் சொன்னாள். என்னைக் கேட்டபோது, அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை என்றேன். மெஷினை யாரும் வந்து பார்க்கவில்லை. அலாரத்தை நிறுத்திக் குழந்தைகளைக் கொன்றதாக அவளுக்கு ஆயுள் தண்டனை. நாலு வருடம் ஆகிறது. அவள் பெற்றோரைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர்களுக்கு ஏன் மேலும் சங்கடம்?

அவள் போன பிறகு இன்னும் நாலு குழந்தைகள் இறந்தன. அதற்குக் கட்டம் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. அட்டவணை அப்போதே முடிந்துவிட்டது அல்லவா.

எழுபதாக்கியது நான். இரண்டு தேதிகளை விட்டதும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அவளை விட்டுவிடுங்கள். ஆனால் என்னைக் கொண்டுபோவதற்கு முன் ஒருமுறை எங்கள் வார்டுக்கு வாருங்கள். மானிட்டர்கள் இன்னும் எழுபதில்தான் இருக்கின்றன. தாய்மார்கள் எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம்.