பொய் சொல்லாத பெட்டி

கிட்டார் வாசிப்பவர்கள் ஸ்பீக்கர் பெட்டியைக் காதால் வாங்குவதில்லை, டாக்டர். கண்ணால் வாங்குகிறார்கள். கறுப்பாக இருக்க வேண்டும், முன்னால் முரட்டுத் துணி கட்டியிருக்க வேண்டும், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும். கனமாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் இசைக்கருவிக் கடையின் பாதி வியாபாரம் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்பதால் நான் குறை சொல்லக் கூடாது.

என் தங்கை கணவரும் அப்படி ஒன்றை வாங்கியவர்தான். இதோ வெளியே, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்த வேண்டாம். அவருக்குக் கேட்காது.

நீங்கள் அவருடைய இரண்டு காதுப் பரிசோதனைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "முதல் தடவை வந்தப்போ காது சுத்தமா இருந்துச்சே, எப்படி இவ்வளவு இறங்கிச்சு?" என்று கேட்டீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கினார். நல்ல கேள்விக்கு அது பதில் ஆகாது. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் தங்கியது அதற்காகத்தான். ஒரு கேள்வியை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போக எனக்கு வராது.

மாடலரிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். முன்பெல்லாம் கிட்டாருக்கு ஒலியைப் பெருக்க ஓர் ஆம்ப், அதற்கு ஒரு பெட்டி, பெட்டியின் முன்னால் ஒரு மைக். மாடலர் என்பது காலடியில் கிடக்கிற ஒரு தட்டையான கருவி. அந்த மூன்றும் அதற்குள் கணக்குகளாக உட்கார்ந்திருக்கின்றன. அதாவது உப்பு, புளி, காரம் எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. இனி பரிமாற ஒரு வெறும் தட்டு போதும். கிட்டாருக்கென்றே செய்த பழைய பெட்டி வெறும் தட்டு இல்லை, ஏற்கெனவே உப்புத் தடவிய தட்டு. அதில் மாடலரைச் செருகினால் உப்பின் மேல் உப்பு. மாப்பிள்ளை அதைத்தான் செய்துவிட்டு, "மாடலர் வேஸ்ட்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெறும் தட்டுக்கு ஃபுல் ரேஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் என்று பெயர். கீழே அடி ஒலிகளுக்கு ஒரு பெரிய கோன், மேலே கூர்மையான ஒலிகளுக்கு ஒரு ஹார்ன், உள்ளேயே ஆம்ப். தன் பங்குக்கு எதையும் கூட்டாது, எதையும் குறைக்காது. நல்லதைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமும் இல்லை. கடையில் கிட்டாரை முதலில் எடுக்கவே கூடாது. நன்றாகப் பழகிய ஒரு குரலைப் போட்டுக் கேட்க வேண்டும். நான் வாடிக்கையாளர்களிடம், "உங்க வீட்டம்மா திட்டுறதைப் பதிவு பண்ணிட்டு வாங்க, இங்க போட்டதும் உங்களுக்கு வியர்த்தா அதுதான் சரியான பெட்டி" என்பேன். பிறகு பக்கவாட்டில் நாலு எட்டு நகர்ந்து நிற்க வேண்டும். அங்கேயும் அதே குரல் வர வேண்டும். மேலே ஒட்டியிருக்கிற வாட் கணக்கை வரன் பார்க்கும்போது சொல்லும் சம்பளம் மாதிரி எடுத்துக்கொண்டால் போதும். முக்கியமான விஷயம், மேடையில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்போமோ அதே சத்தத்தில்தான் வீட்டிலும் டோன் அமைக்க வேண்டும். சின்னச் சத்தத்தில் காது அடி ஒலியையும் கூர்மையான நுனி ஒலியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவுதான் விஷயம். இதை மாப்பிள்ளைக்கு ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று நான் எத்தனையோ முறை முயன்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கைவேகம் உண்டு, ஊரில் பெயர் உண்டு, தங்கையை நன்றாக வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தால் மட்டும் "மச்சான், சுருக்கமா" என்பார். அவர் குழுவில் எனக்கு மேனுவல் என்று பெயர். நான் ஒத்திகை அறைக்குள் நுழைந்தால் டிரம்மர், "மேனுவல் வந்தாச்சு, எல்லாரும் முதல் பக்கத்தைப் புரட்டுங்கப்பா" என்பான். பாடகிகூடச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். கேலியை நான் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஒருநாள் தங்கை வீட்டுக் கூடத்தில் நான் ஹார்னின் வேலையை விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல இடம் அது. கூர்மையான ஒலி ஏன் அகலமாகப் பரவாமல் நேராகப் போகிறது என்கிற இடம். மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. தங்கை காபியோடு வந்து, அவருடைய முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவர் காதுல பாட்டு ஓடுது. நீங்க பேசறது செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று சிரித்தாள். மேடையில் காதுக்குள் செருகிக்கொள்கிற மானிட்டரைப் போட்டுக்கொண்டு தாளத்துக்குத் தலையாட்டியிருக்கிறார். கழற்றிவிட்டு, "தப்பா நினைக்காதீங்க மச்சான், உங்க குரல் நல்ல குரல். வால்யூம் குமிழ்தான் வைக்க மறந்துட்டாங்க" என்றார்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அந்த வாரமே கடைக்கு வரச்சொல்லி, எங்களிடம் இருந்த மிக நல்ல ஃபுல் ரேஞ்ச் பெட்டியை அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். பின்னால் பழுதுபார்க்கும் மேஜை எனக்குத்தான். பெட்டியைத் திறந்து, ஹார்னுக்குப் போகிற கம்பியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய, மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தேன். சின்ன வேலை. நுனி ஒலி ஒரு மாற்றுக் குறையும், அவ்வளவே. வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொடுத்தபோது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

"மாப்ள, இந்தப் பெட்டி பொய் சொல்லாது."

அந்த வாக்கியத்தை மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். சுருக்கமாக இருந்ததல்லவா.

என் எண்ணம் எளிமையானது. பெட்டி மந்தமாகக் கேட்கும். முழுப் பேச்சையும் கேட்டிருந்தால் அவரே ஒரு குரலைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கேட்காததால் திண்டாடி, என்னிடம் வந்து "ஏன் மச்சான்?" என்பார். அப்போது உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லலாம். ஒரு பாடத்துக்கான ஏற்பாடு, வேறொன்றுமில்லை.

அவர் வந்து கேட்கவில்லை. பெட்டிதான் பொய் சொல்லாதே. டோன் மந்தமாக இருக்கிறதென்று மாடலரில் நுனி ஒலியை ஏற்றிவிட்டார். வீட்டில் அது சரியாக இருந்தது. மேடையில் மாடலர் நேரே எல்லார் ஒலியையும் கலக்கிற மிக்ஸருக்கும், அங்கிருந்து மேடை ஸ்பீக்கர்களுக்கும் அவர் காதுக்குள் இருக்கிற மானிட்டருக்கும் போகிறது. அங்கே ரெசிஸ்டர் கிடையாது. ஏற்றிய நுனியெல்லாம் அப்படியே காதுக்குள் இறங்கியது.

"என்ன பாஸ் இது, ஊசியால குத்தற மாதிரி இருக்கு" என்றான் டிரம்மர். பாடகி, தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்றாள். மாப்பிள்ளை, வீட்டுப் பெட்டியில் சரியாகத்தான் இருக்கிறது, இந்த மேடைதான் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று டிரம்மர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். கூடம் உண்மையிலேயே கோணல் என்பது எனக்கு ஒருவனுக்குத் தெரியும். ஒரு பழமொழி தப்பாகிப்போகிற இடத்தில் நிற்பது எவ்வளவு அபூர்வம், சொல்லுங்கள்.

அப்போதுதான் அவர் முதல் தடவை உங்களிடம் வந்தார். தன் காதில்தான் கோளாறோ என்று பயம். காது நன்றாக இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அன்றைக்கு அது உண்மை. அன்று மாலை அவர் நேரே கடைக்கு வந்து, இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மச்சான், இப்ப சொல்லுங்க, என்னதான் பண்றது?" என்றார். நான் இவ்வளவு காலம் காத்திருந்த கேள்வி அது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் ரெசிஸ்டரைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அவர் இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தேன். காது சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார், பெட்டி பொய் சொல்லாது, ஆகவே பழகவில்லை என்பதுதான் பிரச்சினை என்றேன். மேடைச் சத்தத்திலேயே வீட்டிலும் வாசியுங்கள் என்றேன். சின்ன அறைதான், பரவாயில்லை, பெட்டிக்கு நேரே உட்காருங்கள் என்றேன். மேடையில் குத்தினால் மானிட்டரைக் கழற்றாதீர்கள், பொறுங்கள், காது பழகும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடை பூட்டும்வரை ஒரு தடவைகூடச் 'சுருக்கமா' என்கிற சொல் அவர் வாயில் வரவில்லை.

அதன் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருவார், ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று. நான் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிய மதிப்பில் ஒன்றை வைத்தேன். வீட்டுக்குப் போய் அவர் மாடலரில் நுனியை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். ஒரே நாளில் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். பொறுமையாகச் செய்தால் எந்தக் காதும் எதையும் ஏற்றுக்கொள்கிறது.

தங்கை ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது. இவர் டீவியையும் அலற விடறார். கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறதில்ல. நீங்கதான் சொல்லணும். இப்பெல்லாம் நீங்க சொன்னாத்தான் கேக்கறார்."

நீங்க சொன்னாத்தான் கேக்கறார். நான் அதை அவள் வாயிலிருந்தே கேட்டேன், டாக்டர். சொல்கிறேன் என்றேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மாப்பிள்ளை ஒத்திகையிலிருந்து நேரே கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மச்சான், நீங்க சொன்னது சரி. இப்ப குத்தவே இல்ல, பழகிடுச்சு" என்றார். காது பழகுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் குறுக்கே பேச முடியும்? சந்தோஷம் என்றேன். அந்த மாதமே குழுவில் அவருக்குப் பதில் வேறொருவரைப் போட்டுக்கொண்டார்கள். மேடைக்குக் காது வேண்டாமா என்று டிரம்மர் கேட்டானாம். அதுவும் அவர் காதில் சரியாக விழவில்லை. தங்கைதான் எழுதிக் காட்டியிருக்கிறாள்.

இப்போது உங்கள் இரண்டாவது படத்தைப் பாருங்கள். வலது பக்கம், நுனி ஒலிகளுக்கான இடத்தில் கோடு இப்படி இறங்குகிறதே, அந்தச் சரிவு. நான் கடைசியாக வைத்த ரெசிஸ்டரோடு அந்தப் பெட்டியை அளந்து பார்த்தபோது வந்த கோடும் ஏறக்குறைய இதேதான். தோற்றத்தில் அண்ணன் தம்பி. காதை நான் தொட்டதேயில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் தொட்டது பெட்டியை. வால்யூமை ஏற்றியது அவர் கை.

ரெசிஸ்டரை நான் கழற்றிவிட்டேன். போன வாரம் பெட்டியைத் திறந்து, கம்பியைப் பழையபடி பற்றவைத்து, கடைக் கிட்டார் ஒன்றை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இப்போது அந்தப் பெட்டி, கடையிலேயே நேர்மையான பெட்டி. "ஏதாவது வித்தியாசம் தெரியுதா, மாப்ள?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "இல்ல மச்சான், எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். பெட்டி பொய் சொல்லாது என்று அன்றைக்கே சொன்னேன் அல்லவா. வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

இப்போதெல்லாம் தினம் சாயங்காலம் கடைக்கு வந்து மேஜைக்கு எதிரே உட்காருகிறார். கிட்டாரை விற்றுவிட்டார், வேறு வேலையும் இல்லை. நான் ஒரு கோனின் காந்தத்தைக் கையில் எடுத்து ஆரம்பித்தால், கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்க்கிறார். என் உதடு அசைகிறபடி அவர் உதடும் லேசாக அசைகிறது. ஒரு சொல்லை விட்டுவிட்டால் கையைத் தூக்கி, திரும்பச் சொல்லச் சொல்கிறார். நானும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்கிறேன். என் தங்கை இதைப் பார்த்துவிட்டு அழுதாள். பெண்களுக்கு எதற்கும் அழுகை வந்துவிடுகிறது.

காதில் வைக்கும் கருவி எழுதிக் கொடுக்கப் பேனாவை எடுத்துவிட்டீர்கள். அதுவும் ஒரு சின்னப் பவர்டு ஸ்பீக்கர்தான், தேர்ந்தெடுப்பதில் எவ்வளவோ நுணுக்கம் இருக்கிறது. ஒருநாள் சாவகாசமாக விளக்குகிறேன். இன்றைக்கே அவசரப்பட வேண்டாம், டாக்டர். அவர் இப்போதுதான் நான் சொல்வதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்.