வசனம் எடுத்துக் கொடுத்தவன்

அந்த நாற்காலி வேணாம்மா, அது சிம்மாசனம், ஒரு கால் ஆடும். ராஜாவா வர்ற நானே பாதி பாரத்தை என் கால்லயே தாங்கிக்கிட்டுத்தான் உக்காருவேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அரிதாரத்தைக் கலைச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க.

அப்பாவுக்கு மறதி எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்கறாரா? ஸ்கேன்லகூட ஒண்ணும் தெரியலையா? ம். சரியான ஆளைத்தான் தேடி வந்திருக்கீங்க. பதினெட்டு வருஷம் அவர் பக்கத்துலயே நின்னவன் நான். பக்கத்துலன்னா மேடையில இல்ல. ஓரத்துல, படுதாவுக்குப் பின்னால, கையில நோட்டோட. யாராவது வசனத்தை விட்டா எடுத்துக் குடுக்கணும், அதான் உத்தியோகம். அரண்மனையில வேலைன்னு பெருமை பேசிக்கலாம். அதே அரண்மனையில கதவு மூலையில தொடப்பமும்தான் இருக்கு.

அந்தத் தளபதி நாடகம் நீங்க சின்ன வயசுலயே பாத்திருப்பீங்க. நம்பின ராஜாவை எதிரிகிட்ட காட்டிக் குடுத்துட்டு அரியணை ஏறுவான். கடைசிக் காட்சியில மனசாட்சி அறுக்கும், சபை நடுவுல நின்னு கதறுவான். உங்கப்பா கதறினா முன்வரிசைக்காரங்க கைக்குட்டையைத் தேடுவாங்க. எனக்கு வயிறு எரியும். எனக்கும்தானே முழு வசனமும் தெரியும், நான் மட்டும் ஏன் இருட்டுல நிக்கணும்னு. அந்த நாள்ல எனக்குக் கண்ணாடி பாக்கற வழக்கமே இல்ல போலிருக்கு.

சம்சாரம் தூண்டிவிட்டான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். அவ பாவம், ஒரே ஒரு தடவை நாடகம் பாக்க வந்தா. திரும்பிப் போறப்ப, உங்களை எங்கேயுமே காணமேன்னு கேட்டா. அவ்வளவுதான். மிச்சத்தை நானே எனக்கு எடுத்துச் சொல்லிக்கிட்டேன். நானும் பெரிசா மறுக்கல.

ஒரு நாள் இடைவேளையில டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. அண்ணே, ரெண்டாவது காட்சியில ஒரு வரி விட்டுட்டீங்க, நல்லவேளை யாரும் கவனிக்கலன்னு சொன்னேன். டம்ளரைக் கீழ வச்சாரு. எனக்கு ஞாபகமே இல்லையேப்பான்னாரு. அதாண்ணே எனக்குக் கவலையா இருக்குன்னேன். எனக்கு எவ்வளவு கரிசனம் பாருங்க.

அடுத்த வாரம் ரெண்டு வரி. அப்புறம் அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சேன். பேசப் போற நேரத்துல காதுல அதே வசனம் விழுந்தா, எப்பேர்ப்பட்டவனும் ஒரு நொடி தடுமாறுவான். போகப் போக, திரை தூக்கறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ இருக்கேல்லன்னு கேப்பாரு. இருக்கேண்ணேன்னு சொல்வேன்.

ஆறே மாசம். அவரே முதலாளிகிட்ட போய், எனக்கு முடியல, வசனம் முழுசாத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவனையே போடுங்கன்னு சொல்லிட்டாரு. கிரீடத்தைத் தன் கையாலயே என் தலையில வச்சாரு. காது வரைக்கும் இறங்கிடுச்சு. உள்ள காகிதம் வச்சு அடைச்சுக்கிட்டு நாலு வருஷமா ராஜாங்கம் நடக்குது. கடைசிக் காட்சியில நான் அழுதா கைதட்டல் நிக்கறதில்ல. மனசாட்சி குத்தறதை எப்படிங்க இவ்வளவு தத்ரூபமா காட்டறீங்கன்னு ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாரு. எல்லாம் பயிற்சிதான்னு அடக்கமாச் சொன்னேன்.

என்னது, வீட்ல பேசறதே இல்லையா? கடையில சீட்டு எழுதி நீட்டறாரா? பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு முன்னால, சரிதானான்னு உங்க மூஞ்சியைப் பாக்கறாரா?

ம். எனக்கு இது தெரியாதும்மா. நானும் ஒரு தடவைகூட வந்து பாக்கல.

சரி, பேனா இருக்கா? டாக்டர்கிட்ட குடுக்கணும்ல, எழுதிக்கங்க. உங்கப்பா இந்த மேடையில ஒரு வரிகூட மறக்கல. மறந்தாரு மறந்தாருன்னு நான்தான் சொன்னேன், அவர் என்னை நம்பினாரு.

என்னம்மா, எழுதலையா?