கறுப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

யூட்ரோன்: டீயைக் கீழ வை அண்ணே. சொல்றதைக் கேளு... பனியாத்து வாயில, ஐஸ் உருகித் தண்ணியா வர்ற எடத்துல, ஒரு யாக் மாடு வந்து கெடக்கு.

வாங்தென்: வந்தா ஓட்டி விடு. அதுக்கா இப்படி மூச்சு வாங்குற?

யூட்ரோன்: உசிரோட இல்ல. ஐஸுக்குள்ளேருந்து வந்திருக்கு. பாதி உடம்பு இன்னும் உள்ளதான்.

வாங்தென்: போச்சுடா! காலங்காத்தால வெறும் வயித்துல போனா கல்லுக்கும் கொம்பு தெரியும்.

யூட்ரோன்: கல்லுக்குக் காது இருக்குமா? காதுல சிவப்பு நூல் இருக்குமா?

வாங்தென்: சிவப்பு நூலா? எந்த நூலு?

யூட்ரோன்: அம்மா கோத்த நூல். அப்பா பிழைக்கணும்னு, இனி வெட்டவும் கூடாது சுமை ஏத்தவும் கூடாதுன்னு உயிர்ப்பிச்சை கொடுத்து விட்டோமே, அந்தக் காளைதான். பதினாலு வருஷம்! முடிகூட உதிரல அண்ணே. கண்ணு அப்படியே தொறந்து... ஐயோ, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

வாங்தென்: அதைத்தான் எதிர் மலையில மேய்ச்ச குங்கா வெட்டித் தின்னுட்டானே...

யூட்ரோன்: தின்ன காளை எப்படி முழுசா வரும்?

வாங்தென்: கத்தாதேடி! வெளியில கேக்கும்.

யூட்ரோன்: "அவன் வெட்டினதை என் கண்ணால பாத்தேன்"னு மடத்துல சத்தியம் பண்ணினது யாரு?

வாங்தென்: இரு, இரு... வெட்டல, சரி. திருடி ஓட்டிட்டுப் போயிருப்பான். ஐஸ் பிளவுல விழுந்திருக்கும்.

யூட்ரோன்: பனியாத்து நடுவுல கோடு போட்டாப்புல கறுப்பாக் கல்லு வரிசை ஓடுதே... அதுக்கு இந்தப் பக்கம் கெடக்கு.

வாங்தென்: கெடக்கட்டுமே. இத்தனை வருஷம் நகர்ந்து வந்ததுல அங்க இங்க உருண்டிருக்கும்.

யூட்ரோன்: யாருகிட்ட கதை விடுற? ரெண்டு மலை ஐஸும் ஒட்டிக்கிட்டு வருமே தவிர, ஒண்ணோட ஒண்ணு கலக்குமா? அந்த மலையில விழுந்தது அந்தப் பக்கம்தான் வரும். இந்தப் பக்கத்து ஐஸ் நம்ம மேய்ச்சல்லேருந்து இறங்குது. குங்கா அங்க கால் வெச்சதே இல்ல.

வாங்தென்: அது வந்து...

யூட்ரோன்: முதுகுல சுமைச் சேணம் வேற.

வாங்தென்: போதும்... ரெண்டே மூட்டை மாவு, யூட்ரோன். மத்த காளையெல்லாம் மேல போயிடுச்சு. சுத்திப் போக அலுப்பு. ஐஸ் குறுக்கே ஓட்டினேன். கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள... காணோம்.

யூட்ரோன்: உயிர்ப்பிச்சை கொடுத்த காளை மேல சுமை...

வாங்தென்: அப்பா படுக்கையில. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டாரு. வாயில வந்த பேரைச் சொல்லிட்டேன்.

யூட்ரோன்: அந்தப் பேருக்காரன் ஊரை விட்டே போயிட்டான். அவன் அம்மாவை ஊர் ஊத்துல தண்ணி எடுக்க விடல. இன்னிக்கும் மரக்குடத்தைத் தூக்கிக்கிட்டு பனியாத்து வாய்க்குத்தான் நடக்கிறாங்க.

வாங்தென்: ஐயய்யோ, அங்கேயா! கத்தியை எடு. அவங்க போறதுக்குள்ள நூலை அறுத்துடணும். நூல் இல்லன்னா அது வெறும் சுமைக் காளை. யாரோடதோ.

யூட்ரோன்: நூல் அங்க இல்ல. அறுத்துட்டேன்.

வாங்தென்: அப்பாடா! வயித்துல பாலை வார்த்த. கொடு, அடுப்புல போடுறேன்.

யூட்ரோன்: எங்கிட்ட இல்ல. அவங்க கையில இருக்கு.

வாங்தென்: யாரு... குங்கா அம்மா கையிலயா? அடிப்பாவி! எதுக்குடி கொடுத்த?

யூட்ரோன்: மறைக்கத்தான் அறுத்தேன் அண்ணே. நீ சுமையோட ஓட்டிட்டுப் போனதை நான் அன்னிக்கே கூரை மேலேருந்து பாத்தவ. குங்கா என்னைக் கட்டிக்க மாட்டேன்னு சொல்லி ரெண்டு நாள்தான் ஆயிருந்துச்சு... நல்லா வேணும்னு வாயை மூடிக்கிட்டேன். இன்னிக்கும் மூடியிருப்பேன். அறுத்துட்டுத் திரும்புறேன், பின்னால குடத்தோட நிக்கிறாங்க. திட்டல, அழல... "இனிமே நான் ஊர் ஊத்துல தண்ணி எடுக்கலாமா தாயி?"ன்னு கேட்டாங்க.